எழுத்துக்கு முன்னால் காது: வீட்டில் வாசிக்கப் பழக்குவது பற்றி வாசகர் கேள்விகள்

மகனுக்கு 2 வயது. சொல் அட்டைகளைக் காட்டினால் கடகடவென்று "படிக்கிறான்". இதையே தொடரலாமா?

அவன் படிக்கவில்லை, அடையாளம் கண்டு சொல்கிறான். அட்டையின் நிறம், சொல்லின் நீளம், ஓரத்தில் உள்ள கறை என்று ஏதோ ஒன்று அவனுக்குப் பிடிபட்டிருக்கும். அதே சொல்லை வெள்ளைத்தாளில் எழுதிக் காட்டினால் தெரிந்துவிடும். கெட்டிக்கார நினைவாற்றல்தான், ஆனால் அதை வாசிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். கைக்குழந்தையே படிக்கும் என்று விளம்பரம் செய்து விற்கப்பட்ட ஒரு காணொளித் தொகுப்பின் மீது, அது பொய் விளம்பரம் என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 2012-இல் வழக்கே தொடுத்தது. அட்டைக்குச் செலவாகும் நேரத்தைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் கொடுங்கள்.

கதை படித்தால் மகள் உட்காருவதே இல்லை. நடுவில் பக்கத்தைத் திருப்பிவிடுகிறாள், அப்புறம் அதே புத்தகத்தையே மறுபடி கேட்கிறாள்.

திருப்பட்டும். கதை முடிய வேண்டும் என்பது நம் கவலை, அவளுக்கு அது கிடையாது. ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது நல்லதுதான். பழகிய வரியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள், அவளே சொல்லி முடிப்பாள்.

படத்தைக் காட்டி "இது என்ன?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அது பரீட்சையாகிவிடும். "நாய் ஏன் ஓடுது? அப்புறம் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அமெரிக்க உளவியலாளர் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் ஒரு மாதம் இப்படிக் கேட்டுப் படித்த குழந்தைகள் பேச்சு வளர்ச்சியில் மற்றவர்களை முந்தியிருந்தார்கள்.

புத்தகத்தில் "ஓடிவிட்டது" என்று இருக்கிறது. "ஓடிப்போச்சு" என்று மாற்றிச் சொல்லலாமா?

3 வயதுக்குக் கீழே என்றால் தாராளமாக மாற்றலாம். அதற்கு மேல், முதலில் உள்ளது உள்ளபடி படியுங்கள், பிறகு அதைப் பற்றி வீட்டுப் பேச்சில் பேசுங்கள். "ஓடிவிட்டது" என்பதைக் காதால் கேட்டே இராத குழந்தை, பின்னால் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது இரண்டு சுமை தூக்குகிறது: எழுத்தும் புதிது, சொல்லும் புதிது. இன்னொன்றும் உண்டு. சொல்லுக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டே படிக்கிறீர்கள் என்றால், விரல் ஒன்றைக் காட்ட வாய் வேறொன்றைச் சொல்லக் கூடாது.

நாலரை வயது. 12 உயிரெழுத்தையும் 18 மெய்யெழுத்தையும் தடங்கலின்றி ஒப்பிக்கிறாள். "படம்" என்று எழுதிக் காட்டினால் விழிக்கிறாள்.

அதிகம் வரும் கேள்வி இதுதான். ஒப்பிப்பது அவளுக்கு ஒரு பாட்டு, அவ்வளவுதான். ஒரு சொல்லுக்குள் பல ஒலிகள் இருக்கின்றன என்பது இன்னும் காதில் ஏறவில்லை. ஒரு சில வாரம் எழுத்தை ஓரமாக வைத்துவிட்டு வாயாலேயே விளையாடுங்கள். "ப-ட-ம்" என்று பிரித்துச் சொல்லி என்ன சொல் என்று கேளுங்கள். "கல்" என்பதில் முதல் ஒலியை மாற்றினால் "பல்", இன்னும் மாற்றினால் "வில்". சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் இதைச் செய்யலாம்.

பிறகு எழுத்து. அகரவரிசையில்தான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "அ" எழுதுவதற்குச் சிரமமான எழுத்து. ப, ட, ம, ம் ஆகிய நான்கே போதும், படம், மடம் என்று அன்றைக்கே சொல் படித்துவிடலாம். இங்கே ஒரு சிக்கல் வரும். ம் என்பதை "இம்" என்று சொல்லிக்கொடுத்திருந்தால் குழந்தை "ப-ட-இம்" என்றுதான் படிக்கும். வாயை மூடி "ம்ம்" என்று முனகிக் காட்டுங்கள்.

அடுத்து கால். பா, மா வந்ததும் மாமா, பாடம், மாடம் என்று வரிசையாக வரும். ஒரு குறியைத் தெரிந்த எழுத்துகளோடெல்லாம் சேர்த்துப் பழகிவிட்டு அடுத்த குறிக்குப் போங்கள். 247 எழுத்தையும் தனித்தனியாக உருப்போட வேண்டாம். கு, சு, து போன்ற உகர, ஊகார வரிசைகள் மட்டும் ஒரே அச்சில் அடங்காது, அவற்றை வரும்போது வரும்போது சொல்லிக்கொடுங்கள். "கொ" எழுத்தில் முன்னால் கொம்பும் பின்னால் காலும் இருப்பதால் "கெ" என்று படித்துவிட்டுக் காலில் போய் முட்டிக்கொள்வாள், அதற்குத் திட்டாதீர்கள். ந, ன, ண மூன்றையும் ஒரே வாரத்தில் காட்டவே காட்டாதீர்கள்.

முதலில் தெரிந்த சொற்களாகவே கொடுங்கள். "கல்" என்பதில் க வல்லொலி, "பகல்" என்பதில் மெல்லொலி. சொல் முன்பே தெரிந்திருந்தால் அவளே திருத்திக்கொள்வாள்.

5 வயது மகன் சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போடுகிறான். டிஸ்லெக்சியாவா?

இந்த வயதில் இதை மட்டும் வைத்து டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு என்று சொல்ல முடியாது. ஒரு கோப்பை எந்தப் பக்கம் திரும்பினாலும் கோப்பைதான் என்று பழகிய மூளைக்கு, எழுத்தில் மட்டும் பக்கம் முக்கியம் என்பது புதுச்செய்தி. பெரும்பாலான குழந்தைகளுக்கு 7 வயதுக்குள் சரியாகிவிடும்.

தமிழும் ஆங்கிலமும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கலாமா?

பேசுவதற்கு இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும். எழுத்தை, வீட்டில் அதிகம் பேசும் மொழியில் தொடங்கிச் சில மாதம் முன்னே போகவிடுவது என் வழக்கம். கோடுகளுக்குள் ஒலி இருக்கிறது என்ற புரிதல் ஒரு முறை வந்தால் போதும், அடுத்த மொழிக்கும் அது உதவும். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயரைவிட ஒலியை முதலில் கொடுங்கள். "எச்" என்ற பெயரில் அந்த எழுத்தின் ஒலியே கிடையாதே!

தெரிந்தவர் குழந்தை 4 வயதில் படிக்கிறது. என் மகனுக்கு 5 ஆகியும் ஆர்வமே இல்லை.

பின்லாந்தில் பள்ளிப் படிப்பே 7 வயதில்தான் தொடங்குகிறது. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் செய்த ஆய்வில், 5 வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களும் 7 வயதில் தொடங்கியவர்களும் 11 வயதில் வாசிப்புத் திறனில் சமமாகவே இருந்தார்கள். எழுத்து காத்திருக்கலாம். கதையும் பேச்சும் காத்திருக்கக் கூடாது.

வேறு சிலவற்றைத் தள்ளிப்போட வேண்டாம். 2 வயது முடிந்தும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத குழந்தை, கூப்பிட்டால் அடிக்கடி திரும்பாத குழந்தை, 5 வயதிலும் எதுகைச் சொல் விளையாட்டு பிடிபடாத, குடும்பத்தில் வாசிப்புச் சிரமம் இருந்த குழந்தை என்றால், முதலில் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிட்டு, அந்த அறிக்கையோடு பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.