சினிஸ்ட்ரல் என்றால் இடம்புரியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சங்கு, நத்தை பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் வரும் 'சினிஸ்ட்ரல்' என்ற சொல்லுக்கு அகராதி 'இடப்பக்கம் சார்ந்த' என்று பொருள் தருகிறது. அதனால் அரிய சினிஸ்ட்ரல் சங்கை 'இடம்புரிச் சங்கு' என்று எழுதினேன். பிழை என்கிறார் நண்பர். எது சரி?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொல்வதே சரி. ஆனால் அகராதியின் மீதும் குற்றமில்லை. லத்தீனில் இடப்பக்கத்தைக் குறிக்கும் 'சினிஸ்டர்' என்பதிலிருந்து வந்த பெயரடை அது. அதன் எதிர்ச்சொல் 'டெக்ஸ்ட்ரல்'. இடக்கைக்காரரைச் சுட்டவும் எப்போதாவது எழுதுவார்கள் என்றாலும், விலங்கியலிலும் நிலவியலிலும்தான் அது அதிகம் புழங்குகிறது.

சங்கை எப்படிப் பிடித்துப் பார்க்கிறோம் என்பதில்தான் சிக்கல். குழந்தைக்குப் பால் புகட்டிய பழைய சங்கு ஒன்று என் மேசையில் கிடக்கிறது. விலங்கியலாளர் முறைப்படி, சுருள்கள் கூடும் உச்சி மேலேயும் வாய் என்னை நோக்கியும் இருக்கப் பிடித்தால், வாய் என் வலப்பக்கம் அமைகிறது. அவர்கள் கணக்கில் இது டெக்ஸ்ட்ரல். நம் வழக்கிலோ பால் வடியும் ஒடுங்கிய முனை மேலே இருக்கவேண்டும். அப்படித் திருப்பியதும் அதே வாய் இடப்பக்கம் வந்துவிடுகிறது. ஆகவே இது இடம்புரி, எங்கும் கிடைக்கிற சாதாரணச் சங்கு. திருகாணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அதன் புரி மாறாததுபோல, சங்கின் முறுக்கும் மாறவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

எனவே, மேக முழக்கத்துக்கு ஆண்டாள் உவமையாக்கிய வலம்புரியே விலங்கியலாளரின் சினிஸ்ட்ரல் சங்கு. (வாங்குபவர்கள் கவனிக்க: அமெரிக்கக் கடற்கரைகளில், குறிப்பாக மெக்சிகோ வளைகுடாவில், இயல்பாகவே சினிஸ்ட்ரலாக வளரும் வேறோர் இனம் உண்டு. டெக்சாஸ் 1987-இல் மாநிலச் சின்னமாக ஏற்ற அந்தச் சிப்பியைத்தான் சில வணிகர்கள் வலம்புரி என்று விற்றுவிடுகிறார்கள்.)

நிலவியலில் இந்தத் தொல்லை இல்லை. 2023 பிப்ரவரியில் துருக்கியை உலுக்கிய கிழக்கு அனத்தோலியப் பிளவு சினிஸ்ட்ரல் வகை. பிளவின் எந்தக் கரையில் நின்று பார்த்தாலும் எதிர்க்கரை இடப்பக்கமே நகர்ந்திருக்கும். அங்கே 'இடப்பக்கப் பெயர்ச்சி' என்று தயங்காமல் எழுதலாம்.

உங்கள் கட்டுரையில் சங்கு வரும் இடத்தில் 'வலம்புரி' என்றே திருத்துங்கள். தோட்டத்து நத்தைக்கு நம்மிடம் அப்படியொரு பழைய வழக்கு இல்லை. 'இடச்சுழி நத்தை' என்று எழுதி, உச்சியை மேலே வைத்துப் பார்க்கும் கணக்கு இது என முதல்முறை வரும்போது ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.