டிவி கேம் ஜாய்ஸ்டிக்கை லேப்டாப்பில் இணைக்க முடியுமா?

பிள்ளைகளின் டிவி கேம் ஜாய்ஸ்டிக், ஒன்பது ஓட்டை பிளக். கோத்தகிரிக் கடையில் தந்த யுஎஸ்பி-சீரியல் கேபிளில் கச்சிதமாகப் பொருந்துகிறது, லேப்டாப்பில் ஒன்றும் அசையவில்லை என்கிறீர்கள்.

முதல் வேலையாக அந்தக் கேபிளைப் பிடுங்குங்கள். சீரியலில் 3, 4ஆம் ஊசிகள் வெளியே மின்சாரம் அனுப்புபவை, அதுவும் மைனஸ் வோல்ட்டில். ஜாய்ஸ்டிக்கில் அதே இடங்களில் லேட்ச் (பட்டன்களின் நிலையைப் பிடித்து வைப்பது), கிளாக் (அதை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுவது) கம்பிகள் இருக்கின்றன. 5 வோல்ட் சிப் அதைத் தாங்காது. பிளக் பொருந்துகிறதே என்று இதை விற்பது பெரிய தப்பு.

வாங்க வேண்டியது 5 வோல்ட் ப்ரோ மைக்ரோ போர்டு, அதாவது நாமே புரோகிராம் ஏற்றக்கூடிய சின்ன ஆர்டுயினோ வகை போர்டு. ஆர்டுயினோ ஊனோ வேண்டாம், அது நேராக யுஎஸ்பி ஜாய்ஸ்டிக்காக வேலை செய்யாது.

பிளக்கில் வழக்கமாக 2 டேட்டா, 3 லேட்ச், 4 கிளாக், 6 ஐந்து வோல்ட், 8 கிரவுண்ட். கம்பி நிறத்தை நம்பாதீர்கள், ஆளுக்கொரு நிறம் போடுவார்கள். ஜாய்ஸ்டிக்கைத் திறந்து மல்டிமீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலையில்) வைத்து, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள். உள்ளே 16 கால் 4021 சிப் இருந்தால் 3ஆம் கால் டேட்டா, 9 லேட்ச், 10 கிளாக், 16 பவர், 8 கிரவுண்ட். கால் வைத்த சிப்புக்குப் பதில், சிப்பை மூடிய கறுப்புப் பசைப் பொட்டு இருந்தால், எல்லா பட்டனுக்கும் பொதுவாக ஓடும் தடம்தான் கிரவுண்ட். அதிலிருந்து தொடங்குங்கள். கண்டுபிடித்த ஐந்து கம்பிகளையும் ப்ரோ மைக்ரோவில் பற்றவையுங்கள்.

போர்டின் புரோகிராமில் ஆர்டுயினோ ஜாய்ஸ்டிக் லைப்ரரியைச் சேர்த்து, டேட்டா ஊசிக்கு இன்புட் புல்அப் (கம்பி சும்மா இருந்தால் 1 என்று படிக்க வைக்கும் அமைப்பு) கொடுங்கள். லேட்சை 12 மைக்ரோ வினாடி உயர்த்தி இறக்கினால் டேட்டாவில் ஏ பட்டன் நிற்கும். அதைப் படித்த பிறகே கிளாக் துடிப்பு. அடுத்தடுத்து பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். அழுத்தினால் 0.

விண்டோஸில் ‘செட் அப் யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்’ திறந்து சோதியுங்கள். பி அழுத்தினால் ஏ வருகிறது, ஏ-யைக் காணோம் என்றால் படிக்கும் முன்பே கிளாக் அடித்திருக்கிறீர்கள். எல்லாமே அழுத்தியபடி நின்றால் டேட்டா கிரவுண்டில் ஒட்டியிருக்கிறது. எதுவுமே வராவிட்டால் பெரும்பாலும் கேபிள், ஜாய்ஸ்டிக்குக்குள் நுழையும் கழுத்தில் அறுந்திருக்கும். அங்கே இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி பற்றவையுங்கள்.

‘புதுசு வாங்கலாமே’ என்று கீழே எழுத வருபவர்களுக்கு: தாராளமாக வாங்கலாம், ஆனால் கேட்டவர் அதைக் கேட்கவில்லை. பிளாஸ்டிக் பைக்குத் தடை போட்ட மாவட்டம் நீலகிரி. அதே மலையில் தேயிலைச் சரிவுகளில் உடைந்த ரிமோட்டும் சார்ஜரும் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஐந்து கம்பி பற்றவைத்தால் பிழைக்கிற சாமானை ஏன் எறிய வேண்டும்?

இன்னொன்று, ஐப்பசி மழையில் திரையிலுள்ள கேம் பொம்மை தானாக ஓட ஆரம்பித்தால் புரோகிராமைக் குறை சொல்லாதீர்கள். பட்டன் ரப்பருக்கு அடியில் ஈரம் கோத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு மெல்லத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மூடுங்கள். பிளேடால் சுரண்டினால் கறுப்புக் கார்பன் பூச்சு போய்விடும், அந்த பட்டன் பிறகு பிடிக்காது.