டீபக்=0 கொடுத்தும் டீபக் பில்ட் ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் மேக்ஃபைலில் (நிரலைக் கட்டும் விதிகள் உள்ள கோப்பு) ‘இஃப்டெஃப் டீபக்’ என்ற நிபந்தனைக்குள் டீபக் ஃப்ளாகுகளை, அதாவது பிழைதிருத்தத்துக்கான கம்பைலர் தேர்வுகளை, சேர்த்திருக்கிறோம். ‘மேக் டீபக்=0’ என்று ஓட்டினாலும் அவை வந்துவிடுகின்றன. அந்தக் கோப்பைப் படித்து நிரலைக் கட்ட நாங்கள் பயன்படுத்துவது குனூ மேக். இத்தகைய நிபந்தனைகளை முறையாகச் சோதிப்பது எப்படி?

க.

அன்புள்ள க.,

மாறிக்குள் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும்தான் இஃப்டெஃப் பார்க்கும். 0 இருந்தாலும் அதற்கு மெய்தான். ‘மேக் டீபக்=’ என்று வலப்பக்கத்தை வெறுமையாக விட்டால்தான் பொய். உங்களுக்கு வேண்டியது இரண்டு மதிப்புகள் சமமா என்று பார்க்கும் இஃப்ஈக்யூ. டீபக்கை 1 உடன் ஒப்பிடுங்கள்.

இஃப்டெஃபில் இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. ‘அ = $(ஆ)’ என்று எழுதி, ஆ வெறுமையாக இருந்தாலும், ‘இஃப்டெஃப் அ’ மெய்யாகும். அது மாறியை விரித்துப் பார்ப்பதில்லை. அதையே ‘:=’ போட்டு எழுதினால் அந்த வரியிலேயே விரிந்து வெறுமையாகிவிடும், விடை பொய். ஒரு முக்காற்புள்ளி முடிவையே மாற்றிவிடுகிறது என்பதால் மதிப்பு முக்கியமான இடத்தில் இஃப்டெஃபை நான் பரிந்துரைப்பதே இல்லை.

இஃப்ஈக்யூவுக்கு இடைவெளிதான் எதிரி. ‘டீபக் = 1’ என்று எழுதி, சில இடைவெளிகள் விட்டு # போட்டுக் குறிப்பு எழுதினால், 1-க்குப் பின்னுள்ள இடைவெளிகளும் மதிப்பில் சேரும். ஒப்பீடு சத்தமில்லாமல் தோற்கும். மாறியை, ஓர இடைவெளிகளை நீக்கும் ‘ஸ்ட்ரிப்’ ஃபங்ஷன் வழியாக அனுப்பி ஒப்பிடுங்கள்.

இனி சோதனை. நிபந்தனைகளைத் தனிக் கோப்பில் வைத்து, இன்க்ளூட் செய்யுங்கள். அதே கோப்பை எடுத்துக்கொள்ளும் சிறு சோதனை மேக்ஃபைல் ஒன்று, அதில் எதுவும் செய்யாத ஒரே இலக்கு. நிபந்தனையின் ஒவ்வொரு கிளையிலும் செய்தியை அச்சிடும் ஓர் ‘இன்ஃபோ’ வரி: கிளையின் பெயர், மாறி எங்கிருந்து வந்தது என்று சொல்லும் ‘ஆரிஜின்’ தரும் விடை, சதுர அடைப்புக்குறிக்குள் மதிப்பு. அடைப்புக்குறி இருந்தால்தான் வால் இடைவெளி கண்ணில் படும். நிபந்தனை பொய்யானால் எடுக்கப்படும் எல்ஸ் கிளையை விட்டுவிடாதீர்கள். பிழை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிறகு மாறியே கொடுக்காமல், வெறுமையாக, 0, 1, இடைவெளியோடு 1 என ஓட்டி, வெளியீட்டை எதிர்பார்த்ததோடு ஷெல் ஸ்கிரிப்டில் ஒப்பிடுங்கள். கட்டளை வரியில் மட்டும் சோதித்தால் போதாது. அங்கே தரும் மதிப்பு கோப்பிலுள்ளதை மீறிவிடும், கோப்பின் சொந்த வரியிலுள்ள பிழை மறைந்துபோகும். ‘டீபக்=1 மேக்’ என்று சூழல் மாறியாகவும் கொடுத்துப் பாருங்கள்: கோப்பில் ‘=’ இருந்தால் கோப்பு வெல்லும், ‘?=’ (ஏற்கெனவே வரையறுக்கப்படாதபோது மட்டும் மதிப்பு வைப்பது) இருந்தால் சூழல் வெல்லும்.

நிபந்தனைகள் கோப்பைப் படிக்கும்போதே தீர்மானிக்கப்படுகின்றன. ஆகவே ‘$@’ (அப்போது கட்டப்படும் இலக்கின் பெயர்) போன்ற தானியங்கி மாறிகளோ, ஓர் இலக்குக்கென்று தனியாக வைத்த மாறிகளோ அங்கே பயன்படாது. அவற்றைச் சோதிக்க ரெசிப்பிக்குள், அதாவது இலக்கை உருவாக்கும் கட்டளை வரிகளுக்குள், ‘இஃப்’ ஃபங்ஷன் இருக்கிறது. ரெசிப்பிக்கு நடுவே இஃப்ஈக்யூ எழுதினால் அந்த வரியை டேபில் தொடங்காதீர்கள். டேப் இருந்தால் மேக் அதை ரெசிப்பி வரியாக எண்ணி ஷெல்லிடம் கொடுத்துவிடும். வரும் பிழைச்செய்தி ஷெல்லினுடையதாக இருக்கும்.