மீன் பிடிப்பவருக்குப் பதிவு வேண்டாம், கருவாடு விற்பவருக்கு வேண்டுமா?

காசிமேட்டில் கருவாடு விற்கும் அத்தையிடம் உணவுப் பாதுகாப்புப் பதிவு கேட்கிறார்கள், படகில் போகும் மாமாவிடம் ஏன் கேட்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, 18-ஆம் பிரிவில் இருக்கிறது. விளைவிக்கும் விவசாயிக்கும் மீன் பிடிக்கும் மீனவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. ஏலம் முடிந்து கூடை கைமாறியதும் வியாபாரம். பொன்னேரிப் பக்கத்து நெல்லும் அப்படித்தான், ஆலைக்குள் போனால் சட்டம் வந்துவிடும்.

அத்தை மாதிரி சிறு சில்லறை வியாபாரிக்கு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள்.

பச்சை மீனும் விற்றால், பதிவைவிட ஐஸ்தான் தலைவலி. மீனில் படும் ஐஸ் குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டும். விடியற்காலையில் கட்டி ஐஸைத் தரையில் போட்டு உடைத்து, அந்தத் தூளையே மீன்மேல் வாரிப் போடுவதைப் பார்த்திருப்பீர்களே! சோதனை வந்தால் முதலில் மாட்டுவது கூடைக்காரம்மாதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. மீன் கெடாமலிருக்கச் சிலர் போடும் ஃபார்மலின் என்ற ரசாயனத்தின் கதை வேறு, அதை உணவில் சேர்க்க அனுமதியே கிடையாது.

சரி, அத்தை முதலில் பதிவு செய்யட்டும். அப்புறம் ஐஸ், மீன் வாங்கும் இடத்தில் ரசீது கேட்கச் சொல்லுங்கள். யாரிடம் வாங்கினோம் என்று காட்ட உதவும்.