ஏற்காட்டுச் சேற்றுக்கு எந்தச் செருப்பு?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். போன வருஷம் மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு கோடை விழாவுக்குப் போயிருக்கிறார்கள். மத்தியானம் ஒரு மழை பிடித்துக்கொண்டது. ஸ்போர்ட்ஸ் ஷூவெல்லாம் ஊறி, சாயங்காலம்வரை அந்த ஈரத்தோடேயே நடந்ததில் அவருக்கும் கணவருக்கும் குதிகாலில் கொப்புளம். ஹவாய் செருப்பு போட்டிருந்த மாமியார் இரண்டு தடவை வழுக்கி விழப் பார்த்தார். அவருக்கு 64 வயது, நெடுநாளாகச் சர்க்கரை. பையனுக்கு ஏழு வயது. இந்த முறை மலர்க் கண்காட்சி, சேர்வராயன் கோயில் திருவிழா இரண்டுக்கும் போக வேண்டும். ஆடியில் சேலம் குகைப் பகுதி மாரியம்மன் கோயில் திருவிழாவின் வண்டி வேடிக்கையும் (அலங்கார வண்டிகளின் ஊர்வலம்) பார்க்க வேண்டும். கடைக்காரர் நாலு பேருக்கும் கம்பூட்ஸ், அதாவது உயரமான ரப்பர் பூட்ஸ், எடுக்கச் சொல்கிறாராம். எடுக்கலாமா, இல்லை விலை கூடின வாட்டர்புரூஃப் ஷூ வாங்கலாமா என்பது கேள்வி.

நாலு பேருக்கும் கம்பூட்ஸ் வேண்டாம். பையனுக்கு மட்டும் எடுங்கள். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் பின்வார் வைத்த நல்ல ரப்பர் சாண்டலும், பையில் ஒரு ஜோடி காய்ந்த சாக்ஸும் போதும். மாமியாருக்கு வேறு மாதிரி பார்க்க வேண்டும், அதைத் தனியாகச் சொல்கிறேன். வாட்டர்புரூஃப் ஷூவுக்குச் செலவு செய்யவே வேண்டாம்.

ஏன் என்றால், திருவிழாச் சேற்றில் ஷூவுக்குள் தண்ணீர் போவது பெரும்பாலும் மேல்வாய் வழியாகத்தான். கணுக்காலுக்குக் கீழே நிற்கிற ஷூவோடு நாலு அங்குலக் குழியில் கால் வைத்தால் முடிந்தது. குழியே இல்லாவிட்டாலும் நனைந்த பேன்ட் வழியாக மழைத்தண்ணீர் வழிந்து நேராக உள்ளே இறங்கும். சாதா ஷூ என்றால் நடக்க நடக்கக் கொஞ்சமாவது வெளியே கசியும். வாட்டர்புரூஃப் ஷூவில் உள்ளே போனது வாளித் தண்ணீர் மாதிரி அங்கேயே நிற்கும். கோர்டெக்ஸ் வகைச் சவ்வு வைத்த ஷூக்கள் வியர்வையை ஆவியாக வெளியே விடும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே ஈரப்பதம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அந்த ஆவி நகரும். மழைக்குப் பிறகு மலையில் மூட்டம் போட்டுக் காற்றே ஈரமாக இருக்கும்போது அது வேலை செய்வது மிகக் குறைவு. இரண்டு பாதங்களிலும் சேர்த்துச் சுமார் 2,50,000 வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து ஒரு சொட்டு வராவிட்டாலும், மூடிக் கட்டிய கால் மாலைக்குள் தானாகவே ஈரமாகிவிடும். குளிர்நாட்டுப் பனிக்கு அந்த ஷூ நல்ல பொருள். நம்முடைய மே மாத மழைக்கு அது பொருந்தாது.

ஏற்கெனவே ஒரு ஜோடி வாங்கி வைத்திருந்தால் வீட்டிலேயே சோதித்துவிடலாம். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நாக்கு தொடங்கும் இடத்துக்குக் கீழே வரை தண்ணீர் நிற்கிற பேசினில் அரை மணி நேரம் வையுங்கள். எடுத்துத் தாளைப் பிரித்தால் எந்த மூலை நனைந்திருக்கிறது என்று தெரியும். வழக்கமாக விரல் மடங்கும் இடத்துத் தையலில்தான் முதலில் கசியும்.

அடுத்தது அடிப்பகுதி. ஷூ வாங்குகிறவர்கள் மேலே பார்ப்பார்கள், நான் முதலில் கவிழ்த்துப் பார்ப்பேன். ஈரம் பட்ட காலுக்குப் பெரும்பாலும் வருவது கொப்புளமும் சேற்றுப்புண்ணும். வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு. சேர்வராயன் மலை பாக்சைட் என்கிற அலுமினியத் தாது உள்ள மலை. மேலே இருப்பது இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்மண். மழை பட்டால் களியாகி அடியில் அப்பிக்கொள்ளும். நெருக்கமான சின்னச் சின்னப் பள்ளங்கள் உள்ள அடியில் பத்து எட்டு வைப்பதற்குள் மண் அடைத்துவிடும். அப்புறம் மொழுமொழு என்ற மண் தட்டின் மேல்தான் நடக்கிறீர்கள். அடியில் துருத்தி நிற்கிற ரப்பர் கட்டைகள் நாலைந்து மில்லிமீட்டர் உயரமாக, ஒன்றுக்கொன்று சுண்டுவிரல் நுழையும் இடைவெளியோடு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் காலை உதறினாலே மண் கழன்று விழும். ஓரத்தில் கட்டை விரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். லேசாக உள்வாங்கித் திரும்பினால் மென்மையான ரப்பர்; நனைந்த கல்லில் பிடிக்கும். நகமே இறங்காமல் பளபளவென்று இருந்தால் கெட்டி பிளாஸ்டிக், வேண்டாம். பாசி பிடித்த கருங்கல் படியில் மட்டும் எந்த ரப்பரையும் நம்ப முடியாது. அங்கே கையைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை முழுசாகப் பதித்து, சின்னச் சின்ன எட்டாக வைப்பது ஒன்றுதான் வழி.

சாண்டலில் விரல் பக்கம், மேற்பாதம், குதிகால் என்று மூன்று இடத்தில் வார் இருக்க வேண்டும். மூன்றும் இழுத்துச் சரிசெய்கிற மாதிரி இருந்தால் நல்லது. வாரின் உள்பக்கம் தடவிப் பாருங்கள். நனைந்த தோலை அறுக்கிற மாதிரி தையல் முடிச்சு தட்டினால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். ஹவாய் செருப்பை மலைக்குக் கொண்டுபோகவே கூடாது. சேறு அடியைக் கவ்வும், நீங்கள் காலைத் தூக்குவீர்கள், வார் பிடுங்கிக்கொண்டு வரும். ஒவ்வோர் எட்டுக்கும் சேற்றை வாரிப் பின்னால் புடவையிலும் வேட்டியிலும் அடிப்பது வேறு. எடையே இல்லாத ஈவா கிளாக்ஸ் (நுரைப் பிளாஸ்டிக்கில் செய்த, முன்பக்கம் மூடிய செருப்பு) சிலர் போடுகிறார்கள். பின்வாரை முன்னால் மடக்கிவிடாமல் குதிகாலில் மாட்டினால், அடி தேயாமல் இருந்தால், அது பரவாயில்லை.

கோயில் சங்கதியைக் கடைக்காரர்கள் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சேர்வராயன் கோயிலுக்குப் போனால் வெளியே கழற்றித்தான் ஆக வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் ஒற்றைக் காலில் நின்று ஈரக் கம்பூட்ஸை இழுத்துக் கழற்றுவதும், வெளியே வந்து செம்மண் காலோடு மறுபடி அதற்குள் நுழைவதும் பெரிய பாடு. உள்ளே போன மணல் மீதி நாள் முழுக்க அறுக்கும். சாண்டல் என்றால் வெல்க்ரோவைப் பிரித்துக் கழற்றி, கட்டைப்பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துண்டும் கொண்டுபோங்கள். வெளியே வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, அப்புறம் மாட்டுங்கள்.

பையனுக்குக் கம்பூட்ஸ் ஏன் என்றால், குழந்தைகள் தண்ணீரைச் சுற்றிப் போக மாட்டார்கள், நடுவில்தான் குதிப்பார்கள். மழை பெய்த பிறகு, மலர்க் கண்காட்சி நடக்கிற அண்ணா பூங்காவில் கூட்டம் மிதித்த புல்தரையில் அவனுக்கு அதுதான் சரி. அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுத்துவிடாதீர்கள். சாக்ஸோடு போட்டுப் பாதத்தை முன்னால் தள்ளச் சொல்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் உங்கள் ஒரு விரல் நுழையலாம், அதற்கு மேல் இடம் இருந்தால் குதிகால் தூக்கித் தூக்கி அடித்துக் கொப்புளம் வரும். சாக்ஸ் பூட்ஸின் வாயைவிட உயரமாக இருந்து வெளியே மடிய வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு கெண்டைக்காலை அறுக்கும். நைலான் கலந்த பள்ளிக்கூட சாக்ஸே இதற்கு நன்றாக இருக்கும். முழுப் பருத்தி சாக்ஸ் ஈரத்தைக் குடித்துப் பிடித்துவைத்துக்கொள்ளும். போன வருஷக் கொப்புளத்துக்குப் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். பூட்ஸை நாள் முழுக்க மாட்டி வைக்காமல், சாப்பிட உட்காரும்போதெல்லாம் கழற்றிக் காற்றாட விடுங்கள்.

ஒருவேளை பைக்கில் போவதாக இருந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கம்பூட்ஸோடு ஓட்ட வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். தடித்த முனை கியர் லீவருக்கு அடியில் சிக்கும், பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது காலுக்குத் தெரியாது.

இனி மாமியார். நெடுநாள் சர்க்கரை என்கிறீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தினாலும் வார் அறுத்தாலும் அவருக்கே தெரியாது. போவதற்கு முன்னால் அவருடைய டாக்டரிடம் பாதத்தைக் காட்டிவிடுங்கள். மோனோஃபிலமென்ட் என்கிற நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்பார்கள். வலிக்காது, ஐந்து நிமிஷ வேலை. செருப்பு, எம்.சி.ஆர். (நுண்துளைகள் உள்ள மெத்தென்ற ரப்பர்) உள்தட்டு வைத்ததாக, முன்பக்கம் மூடியதாக, பின்னால் வெல்க்ரோ வார் உள்ளதாக இருக்கட்டும். எம்.சி.ஆர். தட்டை விரலால் அழுத்தினால் உள்வாங்கி மெதுவாக எழும்பும். அது பாதத்தின் பாரத்தைப் பரப்பிவிடும், அதனால் ஒரே இடத்தில் அழுத்திப் புண்ணாவது குறையும். தோல் வார் நனைந்து காய்ந்தால் விறைத்துப்போகும், ரெக்சின் வாராகப் பாருங்கள். அடியில் தனியாக ரப்பர் சோல் ஒட்டியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். எம்.சி.ஆர். மட்டும் என்றால் சீக்கிரம் தேயும், ஈரத்தில் வழுக்கும்.

சாக்ஸ் இறுக்கமான எலாஸ்டிக் இல்லாமல், வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் இருக்க வேண்டும். கால் சொல்லாவிட்டாலும் ரத்தக்கறை சாக்ஸில் தெரிந்துவிடும். கோயிலில் அவர் வெறுங்காலோடு நடக்க வேண்டாம், அடியில் ரப்பர் புள்ளி வைத்த கனமான சாக்ஸ் ஒன்று போட்டுக்கொள்ளட்டும். இரவு வீடு திரும்பியதும் அவருடைய பாதத்தை நல்ல வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள்: அடிப்பாதம், குதிகால், ஒவ்வொரு விரல் இடுக்கு. கொப்புளமோ சிவப்போ தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மறுநாளே டாக்டரிடம் போய்விடுங்கள். காலுக்கு எத்தனை நல்ல செருப்பு போட்டாலும் அவரைச் சேற்றுக்குள் இறக்காமல் நடைபாதைப் பக்கமாகவே அழைத்துப்போவதுதான் மேல்.

ஆடி விஷயம் வேறு. குகையில் வண்டி வேடிக்கை பார்க்கக் கூட்டத்துக்குள் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் காலை மிதிப்பார்கள். மழை பெய்தால் தெருத்தண்ணீரோடு சாக்கடையும் கலந்துவிடும். உள்ளே கண்ணாடிச் சில்லு கிடந்தாலும் தெரியாது. அங்கே திறந்த சாண்டல் வேண்டாம், விரல் மூடிய ரப்பர் ஷூ போடுங்கள். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் எலிக்காய்ச்சல் கிருமி அந்தக் கீறல் வழியாகவும் ஊறிய தோல் வழியாகவும் நுழையும். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் யாருக்காவது காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், அழுக்குத் தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பரணில் பழைய டிரெக்கிங் ஷூ இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், முதலில் சோலை இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் என்கிற நுரைப் பிளாஸ்டிக் சோல் காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சிதையும். பெட்டியிலேயே புத்தம் புதுசாக இருந்தாலும் சில வருஷங்களில் உள்ளுக்குள் உளுத்துப்போகும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஏறி இறங்கும்போதுதான் பிஸ்கட்டாக உடைந்து விழும். வளைக்கும்போது நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தாலோ, பக்கவாட்டில் நகத்தால் கீறினால் தூள் உதிர்ந்தாலோ அதைத் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் செம்மண் காய்வதற்குள் வெறும் தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஷூவென்றால் உள்தட்டை வெளியே எடுத்து, செய்தித்தாள் திணித்து, தாள் நனைய நனைய மாற்றி, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். உச்சி வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் வைத்தால் பசை இளகிச் சோல் வாயைப் பிளக்கும். கம்பூட்ஸைத் துணி காயப்போடும் குச்சியில் தலைகீழாக மாட்டினால் போதும்.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் இருக்கும். போடப்போகிற சாக்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். கடையில் படிக்கட்டு இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது பெருவிரல் முனையில் முட்டினால் ஒரு சைஸ் பெரிதாகக் கேளுங்கள். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி, தினமும் கடைத்தெருவுக்குப் போய்வரும்போது அதையே போட்டு நடந்தால் எங்கே உரசுகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும், மாற்றிக்கொள்ளவும் நேரம் இருக்கும்.