சப்பாத்திக்கள்ளியை ஒழிப்பது எப்படி? – கேள்வி பதில்

கே: கொல்லை வேலியோரம் சப்பாத்திக்கள்ளி ஆள் உயரம் நிற்கிறது. வெட்ட வெட்டப் பரவுகிறதே, ஐயா?

ப: வெட்டியதை அங்கேயே போட்டுவிடுகிறீர்கள், அதனால்தான். மண்ணில் விழும் ஒவ்வொரு மடலும் வேர் பிடிக்கும். முதலில் பழைய தார்ப்பாயை விரியுங்கள். நுனியிலிருந்து ஒவ்வொரு மடலாக நீள இடுக்கியால் பிடித்து, கணுவில் அறுத்துப் பாயில் போடுங்கள். வேர் ஆழமாகப் போவதில்லை, பக்கவாட்டில்தான் ஓடும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கடப்பாரையால் நெம்பினால் அடிக்கட்டை வந்துவிடும். அறுத்த மடலில் வெகுநாள் உயிர் இருக்கும். சருகாகக் காயும்வரை மண்ணில் படக்கூடாது. எருக்குழியில் போடவே போடாதீர்கள். நீள முள்ளைவிட, அதனடியில் கொத்தாக இருக்கும் மயிர் போன்ற நுண்முள், அதாவது சுணைதான் மோசம். கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள்.

கே: உப்பு கொட்டினால் செத்துவிடுமா?

ப: மண்ணும் சேர்ந்து கெடும். வேண்டாம்.

கே: மண்ணெண்ணெய்?

ப: அதுவும் வேண்டாம்.

கே: பச்சையாகவே கொளுத்திவிட்டால்?

ப: உள்ளே முழுக்க நீர். மேலே கருகும், அடியில் துளிர்க்கும். முதல் பதிலைப் படியுங்கள் தம்பி, வழி அங்கேயே இருக்கிறது.

கே: எங்கள் கள்ளியை வெட்டினால் பால் வடிகிறது.

ப: அது திருகுகள்ளியோ சதுரக்கள்ளியோ. ஆமணக்குக் குடும்பம், இதற்கு உறவே இல்லை. பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறைய நீர் விட்டுக் கழுவி, கண் மருத்துவரிடம் போங்கள். மறுபடியும் சொல்கிறேன், கண்ணாடி!

கே: மடலில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. மருந்து அடிக்கவா?

ப: தயவுசெய்து அடிக்காதீர்கள். நசுக்கிப் பாருங்கள், இரத்தச் சிவப்பாக வந்தால் அது சிவப்புச் சாயம் எடுக்கும் சாயப்பூச்சி, கள்ளியைத் தின்று உங்கள் வேலையை அது செய்துகொண்டிருக்கிறது. 1780களில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார், இந்தச் சாயத்துக்காக. 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. ஆனால் நல்ல சாயம் தரும் இனமல்ல, ஒருவகைக் கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. நம் வேலிகளில் நிற்பது வேறு வகை. அதை அடக்கியது 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த இன்னொரு இனச் சாயப்பூச்சி.

கே: பழம் மருந்து என்கிறார்கள். நம் நாட்டு மூலிகையை அழிக்கச் சொல்வது நியாயமா?

ப: நம் நாட்டுச் செடியே அல்ல, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. பழத்தைத் தின்னலாம், மறுக்கவில்லை. சுணையை முழுக்க நீக்காமல் வாயில் வைத்தால் தொண்டையில் குத்தும்.

கே: (அவரே) பஞ்சத்தில் மாட்டுக்குத் தீவனம் ஆகுமே! ஒரு செடி இருந்தால் என்ன கெட்டுவிடும்?

ப: முள்ளைச் சுட்டுப் போட்டால் தின்னும், சுடாமல் போட்டால் வாயெல்லாம் புண். அந்த ஒரு செடியின் பழத்தைப் பறவை தின்று, விதையை அடுத்தவர் மேய்ச்சல் நிலத்தில் எச்சமிடும். அங்கே ஆடு மேய்ப்பவர் யாரிடம் நியாயம் கேட்பார்? உங்களுக்குப் பழம் வேண்டுமென்றால் காய்த்து நிற்கும் புதரில் பறித்துக்கொள்ளுங்கள். புதிதாக நட வேண்டாம்.

கே: கையில் சுணை ஏறிவிட்டது, தேய்த்தும் போகவில்லை.

ப: தேய்க்காதீர்கள் அம்மா, இன்னும் உள்ளே போகும். தெரிவதைச் சாமணத்தால் எடுங்கள். மீதிக்கு வெள்ளைப் பசை தடவி, மேலே மெல்லிய துணி ஒட்டி, காய்ந்ததும் உரியுங்கள்.