ஏழைக் குடும்பங்களுக்கு அறக்கட்டளை மூலம் ஆடு கொடுத்தால், பலர் ஓராண்டுக்குள் விற்றுவிடுவது ஏன்? எப்படித் தடுப்பது?

பெரும்பாலும் பசிதான் காரணம். பருவத்துக்கு வந்த பெட்டையாடு சினையானால் ஈன 5 மாதம். குட்டி விற்கிற எடைக்கு வர மேலும் 6 முதல் 8 மாதம். ஏறக்குறைய ஓராண்டுக்கு வரவு கிடையாது; மேய்ப்பவரின் கூலி வேலையும் போகும். நடுவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டை விற்காமல் என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்வது அநியாயம்.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டம் இந்த இடைவெளியை அடைத்தது. பிழைப்புக்கான சொத்தோடு, அது பலன் தரும்வரை சாப்பாட்டுச் செலவுக்கு உதவித்தொகை, பயிற்சி, சேமிப்புப் பழக்கம், அடிக்கடி வீடு தேடி வரும் பணியாளர் என எல்லாம் சேர்ந்து சுமார் 2 ஆண்டு. இம்முறையை 6 நாடுகளில் சோதித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. மொத்தத்தில், உதவி நின்று ஓராண்டு கழிந்தும் குடும்பங்களின் முன்னேற்றம் நிலைத்தது. ஹோண்டுராஸில் மட்டும் சறுக்கல்: கொடுத்த கோழிகள் ஏராளமாக நோயில் செத்தன.

ஆட்டிலும் இதே ஆபத்து உண்டு. சந்தையில் வாங்கி அன்றே பிரித்துக் கொடுக்காதீர்கள். பல மந்தை ஆடுகள் கலக்கும் இடம் அது, நோயும் கூடவே வரும். குடற்புழு நீக்கி, ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் கால்நடை மருத்துவர் சொல்கிறபடி தடுப்பூசி போட்டு, 3 வாரமாவது தனியே வைத்திருந்து கொடுங்கள். ஊசி போட்ட அன்றே எதிர்ப்புசக்தி வந்துவிடாது. தரை ஈரமில்லாத கொட்டகை முன்பே தயாராக இருக்கட்டும்.

பயனாளிகளை ஊர்க்கூட்டத்தில் மட்டும் தேர்ந்தெடுத்தால் தவறும். தெருவாரியாக ஊர்ப்படம் வரைந்து, வீட்டுக்கு ஓர் அட்டை எழுதி, வசதிப்படி மக்களையே அடுக்கச் சொல்லுங்கள். பெண்களிடம் தனியாக இன்னொரு முறை கேளுங்கள். செல்வாக்குள்ளவர் முன்னால் வாய் திறக்காதவர்கள் அங்கே பேசுவார்கள். பிறகு வீடுவீடாகப் போய்ச் சரிபாருங்கள். தனியே வாழும் முதியவர், ஊருக்கு வெளியே குடிசை போட்டவர், வேலைக்கு வெளியூர் போனவர் ஆகியோரின் அட்டையே பெரும்பாலும் இருக்காது.

நிதி போதாவிட்டால் குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், உதவித்தொகை மாதங்களை அல்ல. முதல் ஈற்றில் பெட்டைக்குட்டியை வைத்துக்கொண்டு கிடாவை மட்டும் விற்கச் சொல்லுங்கள். ஆடு செத்தால் மாற்று ஆடு தர ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவையுங்கள்.